இராணுவத்தை விட்டுக் காவல் துறைக்கா? கையெழுத்துப் போடும் முன் நில்லுங்கள்!

புக்கிட் பெருந்துங், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் இராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தமிழ் வீடுகள் அதிகமில்லை. அனுப்பிய வீட்டுக்குள் நுழைந்தால் உடனே தெரியும். பயிற்சி முடித்து அணிவகுப்பில் நின்ற படம் சாமி மேடைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கும். தாத்தா பால்மரம் சீவினார். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். மூன்றாம் தலைமுறையில் ஒருவன் அரசாங்கச் சீருடை போட்டான். அந்தப் பெருமை சின்னதல்ல.

அந்தப் பிள்ளை ஒரு நாள் விடுமுறையில் வந்து, "அம்மா, ஆர்மிய விட்டுடப் போறேன். போலீசுக்கு மனு போடப் போறேன்" என்கிறான். காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். சபா, சரவாக் என்று மாறி மாறிப் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு இனிப்பு நீர், பார்க்க ஆளில்லை. கல்யாணப் பேச்சும் வந்துவிட்டது. அம்மாவுக்கும் பிள்ளை பக்கத்தில் வந்தால் போதும் என்றிருக்கிறது. "சரிப்பா, விட்டுட்டு வா" என்று சொல்லிவிடுகிறார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் முன் யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தத் தலையங்கம். இராணுவத்தை விட்டுக் காவல் துறைக்குப் போவது தவறல்ல. முதலில் இதை விட்டுவிட்டுப் பிறகு அதைத் தேடுவதுதான் தவறு.

கணக்கைப் பார்ப்போம். அதிகாரி அல்லாத சாதாரண வீரர் 21 ஆண்டு சேவை முடித்தால்தான் இராணுவ ஓய்வூதியம். 19 வயதில் சேர்ந்தவருக்கு 40 வயதில் அது கிடைக்கும். 27 வயதில் வெளியே வந்தால் மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது. கையில் கிடைப்பது லெம்பாகா தாபோங் அங்காத்தான் தெந்தராவில் சேர்ந்த பணம். வீரரின் சம்பளத்தில் 10 விழுக்காடு, அரசாங்கம் போடும் 15 விழுக்காடு என்று சேர்ந்துவரும் சேமிப்பு அது. மொத்தமாக வரும்போது பெரிய தொகையாகத் தெரியும். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், ஒரு பழைய கார் என்று போனால் ஓராண்டு தாங்குமா?

அடுத்தது வயது. கான்ஸ்டபிள் வேலைக்கான விளம்பரங்களில் வயது வரம்பு வழக்கமாக 18 முதல் 28 வரை இருந்து வந்திருக்கிறது. எட்டு ஒன்பது ஆண்டு சேவை செய்த தம்பி அந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறார். விண்ணப்பம், உடல் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, பின்னணிச் சோதனை என்று ஒவ்வொரு படியிலும் மாதங்கள் கரையும். ஒரு முறை தவறினால் அடுத்த விளம்பரம் வரும்போது வயது தாண்டியிருக்கும். அப்போது இராணுவமும் இல்லை, காவல் துறையும் இல்லை. இரவு வேலைக் காவலாளியாகத் தொழிற்சாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். சேவையில் இருக்கும்போதே, தன் படைப்பிரிவுத் தளபதியிடம் எழுத்து மூலம் தெரிவித்து, அவர் வழியாக அனுமதி கேட்க வேண்டும். மறைத்து மனு செய்தால் பின்னணிச் சோதனையில் எப்படியும் தெரிந்துவிடும். ஒப்பந்தக் காலம் எப்போது முடிகிறது, இடையில் விலக என்ன வழி என்பதை முகாம் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காவல் துறையின் நியமனக் கடிதம் கைக்கு வந்து, பயிற்சிக்குச் செல்லும் தேதி தெரிந்த பிறகுதான் விலகல் தாளில் கையெழுத்து.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. விடுமுறையில் வந்து முகாமுக்குத் திரும்பாமல் இருந்துவிடுவது. அனுமதியின்றி வராதிருப்பதும் படையை விட்டு ஓடுவதும் 1972 ஆயுதப் படைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். "நாலு நாள் கழிச்சுப் போய்க்கலாம்" என்று வீட்டில் தடுத்து வைக்கும் பெற்றோருக்கும் இதைச் சொல்கிறோம். அந்த நாலு நாள் பிள்ளையின் பதிவேட்டில் ஏறிவிட்டால், அரசாங்க வேலையின் எந்தக் கதவைத் தட்டினாலும் முன்னால் வந்து நிற்கும்.

பத்திரங்களைச் சரிபாருங்கள். மைகார்டு, பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் சான்றிதழ், சேவைப் பதிவு, நன்னடத்தைக் குறிப்பு எல்லாம் அசலாக வேண்டும். 2013 முதல் எஸ்பிஎம் சான்றிதழ் பெற மலாய் மொழியோடு வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி அவசியம் என்பதை இன்னும் பள்ளியில் படிக்கும் தம்பிமாருக்கும் சொல்லி வையுங்கள். உயரம், எடை, கண் பார்வை, திருமண நிலை பற்றிய நிபந்தனைகளை அந்தந்த விளம்பரத்தில் வரி விடாமல் படியுங்கள். ஆர்மியில் எடுத்தார்கள், இங்கேயும் எடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு தேர்வு. இராணுவம் ஆயுதப் படை மன்றத்தின் கீழ் வருகிறது. காவல் துறை நியமனம் காவல் படை ஆணையத்தின் பொறுப்பு. அங்கே கோப்ரலாக இருந்தவர் இங்கே கான்ஸ்டபிள் படியிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். 2024 பிப்ரவரி முதல் அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்வோருக்கு ஓய்வூதிய ஏற்பாடும் மாறியிருக்கிறது. எந்தத் திட்டத்தில் சேர்க்கிறார்கள், பழைய சேவை சேருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் வரலாம் என்ற கனவையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோலகுபு பாருவில்தான் உலு சிலாங்கூர் மாவட்டக் காவல் தலைமையகம் இருக்கிறது. ஆனால் அங்கேயே போடுவார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. முன்னாள் வீரர்களுக்குப் பொருத்தமான பொது நடவடிக்கைப் படை எல்லைக் காடுகளிலும் சபா கடலோரத்திலும் நிற்கும் படை. 2013-இல் லஹாட் டத்து ஊடுருவலில் காவலர் எட்டுப் பேரும் இராணுவத்தினர் இருவரும் உயிர் கொடுத்தார்கள். அந்த இடத்தில் எந்தச் சீருடை என்று தோட்டா பார்க்கவில்லை.

வயது தாண்டிவிட்டதா? வழி அடைந்துவிடவில்லை. 1967 காவல் துறைச் சட்டத்தின் கீழ் இயங்கும் போலீஸ் பந்துவான் எனும் துணைப் போலீஸ் இருக்கிறது. விமான நிலையம், துறைமுகம், நெடுஞ்சாலை போன்ற இடங்களை நடத்தும் நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. முன்னாள் வீரர்களுக்கு அங்கே மதிப்புண்டு. ஆனால் அது நிறுவனத்தின் வேலை, அரசாங்க வேலையல்ல. நிறுவனம் ஈபிஎஃப், சொக்சோ ஒழுங்காகக் கட்டுகிறதா என்று பார்த்துச் சேருங்கள். சுங்கை பூலோவில் உள்ள பெர்ஹெபாட், சேவை முடித்து வருவோருக்குத் தொழிற்பயிற்சி தருகிறது. விலகும் முன்பே அங்கே விசாரிப்பது நல்லது.

இதுவரை நாம் செய்ய வேண்டியதைச் சொன்னோம். இனி அரசாங்கம் செய்ய வேண்டியது.

கூட்டரசு அரசியலமைப்பின் 132-ஆவது பிரிவு பொதுச் சேவைகளைப் பட்டியலிடுகிறது. ஆயுதப் படையும் காவல் படையும் அந்த ஒரே பட்டியலில் இருக்கின்றன. கூட்டரசுச் சேவையில் ஒரே தரத்தில் உள்ளவர்களை எந்த இனத்தவராயினும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்கிறது 136-ஆவது பிரிவு. நாட்டுக்காக எட்டு ஆண்டு துப்பாக்கி தூக்கியவர் பக்கத்துக் கதவைத் தட்டும்போது முன்பின் தெரியாதவராக நிற்பது என்ன நியாயம்?

தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர்களை எடுக்கும்போது 5 விழுக்காடு இடங்களை முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்குகிறது. அவர்களுக்கு வயது வரம்பும் பல ஆண்டுகள் தளர்த்தப்படுகிறது. இவை எல்லாம் தேர்வு அறிவிக்கையில் அச்சிட்டே வருகின்றன. யார் தயவையும் நாட வேண்டியதில்லை. இங்கும் அப்படி எழுத்தில் வரட்டும் என்கிறோம். முன்னாள் வீரருக்கு எத்தனை வயது வரை தளர்வு, பழைய சேவை எப்படிக் கணக்கிடப்படும் என்பதை ஒவ்வொரு விளம்பரத்திலும் வெளிப்படையாகப் போடுங்கள். அந்த விளம்பரத்தைத் தமிழ் நாளேடுகளிலும் போடுங்கள்.

"போலீசா? நம்ம பிள்ளைகள அடிச்ச போலீசுக்கா என் மகன அனுப்பணும்?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. அந்தக் கோபத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. 2009 ஜனவரியில் காவலில் இறந்த குகனை இந்தச் சமுதாயம் மறக்கவில்லை. அவருக்குப் பின்னும் காவலில் இறந்தவர்கள் உண்டு. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த காவல் துறை நடத்தை ஆணையத்துக்குப் போதிய பல் இல்லை என்ற குறையும் நியாயமானதே. அதற்காகக் குரல் கொடுப்பதை நிறுத்த மாட்டோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு நம் பையன் ஒருவன் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்படும்போது, அவன் மொழி புரிந்த, அவன் லயத்தை அறிந்த, சட்டம் தெரிந்த ஒரு தமிழ்க் காவலர் அங்கே இருப்பது நல்லதா, இல்லாதிருப்பது நல்லதா? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் 6.7 விழுக்காடு இந்தியர்கள். இராணுவத்திலும் காவல் துறையிலும் நம் பங்கு அதற்கு வெகு கீழேதான் இருக்கிறது. இருக்கிற சிலரையும் நடுவழியில் தவற விடலாமா?

ஆகவே, சகோதரர்களே, பெற்றோர்களே, அவசரம் வேண்டாம். கேள்வி கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கொடுத்த மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். ஏற்கெனவே இந்தப் பாதையில் போய் வந்த அண்ணன்மார், கோவில் திருவிழாவிலோ தாமான் கூட்டத்திலோ ஒரு மணி நேரம் ஒதுக்கித் தம்பிகளுக்கு வழி சொல்லுங்கள். தோட்டத்தை விட்டு வந்த முதல் சீருடை கடைசிச் சீருடையாகிவிடக் கூடாது.