கோடியக்கரைக்கு அரை நாள் போதாது

வேளாங்கண்ணிக்கு வருகிறவர்களில் பலர் கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. இன்னும் தெற்கே போனால் வேதாரண்யம். அப்பரும் சம்பந்தரும் பாடியே கோயில் கதவைத் திறந்து அடைத்ததாகச் சொல்லப்படும் தலம். பக்கத்திலேயே அகத்தியம்பள்ளி: 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜி தடையை மீறி உப்பு அள்ளிய இடம். அங்கே நினைவுத் தூணைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். சுற்றியுள்ள உப்பளங்களில் கண் கூசும் வெயிலில் உப்பு வாருகிறவர்களையும் பாருங்கள். அந்தப் போராட்டம் யாருடைய உப்புக்காக நடந்தது என்பது அப்போதுதான் உறைக்கும். அதையும் தாண்டினால் கோடியக்கரை. வெளிமான்களைக் காக்க 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. பாலை மரங்களுக்கு நடுவே புல்வெளி திறக்கும்போது, முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் மான் தலை நிமிர்த்திப் பார்க்கும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் போனால் ஆழமில்லாத நீரில் பூநாரைக் கூட்டமும், பனிப் பிரதேசங்களிலிருந்து வந்த உள்ளான்களும் இரை தேடுவதைக் காணலாம். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். விடியற்காலையிலேயே போயிருக்கவும் வேண்டும். காரை நிறுத்தாமலே ஒரு சுற்று சுற்றி, ஹாரன் அடித்து, குரங்குக்குச் சிப்ஸ் போட்டுவிட்டுப் போவது அந்தக் காட்டுக்குச் செய்யும் தீங்கு. என்னைக் கேட்டால், காட்டுப் பாதையில் சொந்த வாகனங்களை அறவே விடக்கூடாது. வாடகைச் சைக்கிளும், உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகளாக வரும் ஏற்பாடும் போதும்.