இணையதளமும் மருந்தின் தரமும்

மருந்துப் பதிவையும் உரிமத்தையும் கணினிக்கு மாற்றிவிட்டால் தரமற்ற மருந்துக்கு இடமே இருக்காது என்ற வாதம், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் 'சுகம்' தளத்தைத் தொடங்கியதிலிருந்து வலுத்துவருகிறது. விண்ணப்பம் தேங்காது, கோப்பு தொலையாது என்பது வரை சரி. அதற்கு மேல் சொல்லப்படுபவை நிற்பதில்லை.

எல்லா மருந்தும் ஒரே தளத்துக்குள் வந்துவிடும் என்கிறார்கள். 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் அமைப்பு அப்படியல்ல. புதிய மருந்துக்கும் இறக்குமதிக்கும் அனுமதி தருவது டெல்லி; புழக்கத்தில் உள்ள பெரும்பாலான மருந்துகளைத் தயாரிக்கவும் விற்கவும் உரிமம் தருவது மாநிலம். பெரம்பலூரில் மெடிக்கல்ஸ் திறப்பவருக்குப் படிவம் 20, 21 என்ற விற்பனை உரிமங்கள் வருவது மாநிலத் துறையிடமிருந்துதான். மாநிலங்கள் ஏற்றாத தகவல் தேசியத் தளத்தில் இருக்காது.

பதிவானது தரமானது என்ற எண்ணம் இதைவிட ஆபத்தானது. 2025 அக்டோபரில் பேசப்பட்ட 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப் கள்ளச்சரக்கு அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2011 முதல் உரிமம் பெற்று இயங்கிய ஆலையில் தயாரானது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபின் சென்னை ஆய்வகம் சோதித்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் இருப்பது தெரிந்தது. ஆலைக்குள் போய்ப் பார்த்தபோது 300-க்கும் மேற்பட்ட குறைகள். உரிம எண்ணைத் திரையில் சரிபார்த்திருந்தால் இவற்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

இத்தகைய குறைகளைக் கண்டுபிடிப்பது ஆய்வாளரின் நேரடிச் சோதனைதான். அரியலூரில் ஒரு கடையில் மாதிரி எடுப்பவர் படிவம் 17 கொடுத்து, மருந்தை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும்: ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று கடைக்கு அந்த மருந்தை வழங்கியவருக்கு. எந்த மென்பொருளும் இந்த வேலையைச் செய்துவிடாது.

காகிதத்தைவிடக் கணினி பாதுகாப்பானது என்பதும் எப்போதும் உண்மையல்ல. இலங்கையின் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபை 2021-ல் அரசு மேகக்கணினியில் வைத்திருந்த தரவுகளை இழந்தது; விசாரணை, கைது வரை போனது. தனி நகல் இல்லாத தரவுத்தளம், பூட்டில்லாத கோப்பறையைவிட மோசம்.

அப்படியானால் கணினியே வேண்டாமா என்றால், தமிழ்நாட்டிலேயே அதற்கு நல்ல மறுமொழி உண்டு. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடக்க காலத்திலேயே கிடங்குகளைக் கணினியில் இணைத்தது. அங்கே வந்திறங்கும் ஒவ்வொரு பேட்ச்சும் மாதிரி எடுக்கப்பட்டு, ஆய்வக அறிக்கை தேறும்வரை தனியே ஒதுக்கிவைக்கப்படும். தேறிய பிறகே மருத்துவமனைகள் தங்கள் பாஸ்புக்கில் பதிவான நிதி ஒதுக்கீட்டுக்குள் எடுக்கலாம். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் மாத்திரைக்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது. சோதனை விதி முதலில் உறுதியாக நின்றது. கணினி அதைத் தொடர்ந்து வந்தது.

தனியார் கடைகளுக்கு இத்தகைய தடுப்பு இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடு கட்டாயமானது 300 பிராண்டுகளுக்கு மட்டுமே. எந்த மருந்திலும் ஒரு பேட்ச் கெட்டது எனத் தெரிந்தால், அது எந்தெந்தக் கடைக்குப் போனது என்பதை மொத்த விற்பனையாளரின் பில்களைப் புரட்டித்தான் அறிய வேண்டும். கணினிக்குச் செலவிடும் பணம் முதலில் போக வேண்டியது அந்தப் பில்களைக் கணினியில் ஏற்றுவதற்கு. அதோடு ஆய்வாளர் பணியிடங்களுக்கும் ஆய்வகங்களுக்கும்.