பிரிக்காத விண்ணப்பக் கட்டு

போன மாதம் என் தங்கையின் பேரன் வந்திருந்தான். பி.காம். மூன்றாம் ஆண்டு. அவன் கல்லூரியின் பெயர் அந்த வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குத்தான் தெரியும். காபி குடித்துக்கொண்டே, "தாத்தா, நான் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் போகணும்" என்றான்.

முப்பத்தாறு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். யோசிக்காமல், "அதெல்லாம் ஐ.ஐ.எம். பிள்ளைங்களுக்குடா. நீ பேசாம பேங்க் எக்ஸாம் எழுது" என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

அந்த வேலையை நம் வயதுக்காரர்கள் மெர்ச்சன்ட் பேங்கிங் என்ற பெயரில் அறிவோம். டெபாசிட் வாங்கிக் கடன் கொடுக்கிற வேலை அல்ல. ஒரு கம்பெனி பங்கு வெளியிடவோ இன்னொரு கம்பெனியை வாங்கவோ நினைத்தால், கணக்கை ஆராய்ந்து, விலை மதிப்பிட்டு, செபிக்கு ஆவணம் தயாரித்து, காரியத்தை முடித்துக் கொடுப்பது.

1994-95 உங்களுக்கு நினைவிருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்கு வெளியீடுகள் வந்த வருடம். அப்போது நான் சென்னையில் எங்கள் வங்கியின் மெர்ச்சன்ட் பேங்கிங் பிரிவில் இருந்தேன். சி.ஏ. முடித்த இருவரை எடுக்க வேண்டும். விண்ணப்பங்கள் குவிந்தன. பிரிக்கும் பொறுப்பு என்னுடையது. கல்லூரிப் பெயரைப் பார்த்து இரண்டு கட்டாகக் கட்டினேன். கேள்விப்பட்ட பெயர்கள் ஒன்றில், கேள்விப்படாதவை மற்றொன்றில். இரண்டாவது கட்டை நான் பிரிக்கவே இல்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான்.

இன்டர்வியூவுக்குச் சில நாள் முன்னால், தென்மாவட்டக் கிளை மேலாளர் ஒருவர் போன் செய்தார். "சார், எங்க கிளைக்கு ஆடிட்டுக்கு வந்த பையன் ஒருத்தன் அப்ளை பண்ணியிருக்கான். வேலை கொடுங்கன்னு கேட்கலை. அவன் பேப்பரை ஒரு தடவை பாருங்க, போதும்" என்றார். தேடினால், இரண்டாவது கட்டுக்கு அடியில் கிடந்தது.

வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே திட்ட அறிக்கையைக் கொடுத்து அரை மணி நேரம் படிக்கச் சொன்னோம். பணவரத்துக் கணக்கில் தேய்மானத்தை இரண்டு முறை கூட்டியிருந்த தவறைக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான். ஆங்கிலம் திக்கித் திக்கித்தான் வந்தது. எடுத்தோம். பின்னால் மும்பைக்குப் போய் நல்ல நிலைக்கு வந்தான்.

அந்தக் கட்டில் மிச்சம் இருந்தவர்களில் அவனைப் போல எத்தனை பேரோ! இன்றுவரை உறுத்துகிறது.

இப்போதும் பெரிய நிறுவனங்கள் குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்கே போய் ஆள் எடுக்கின்றன. திறமை அங்கே மட்டும்தான் இருக்கிறது என்பதால் அல்ல. சலிப்பதற்கு அது சுலபமான சல்லடை. சின்னக் கல்லூரிப் பையனுக்குப் படிப்பைவிடப் பெரிய குறை, அவன் பேப்பரை எடுத்துப் பார்க்க ஆள் இல்லாததுதான்.

"அப்படியானால் சிபாரிசு வேண்டும் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. தகுதியைப் பார்க்காமல் வேலை கொடு என்பது சிபாரிசு. தகுதியைக் கொஞ்சம் பார் என்பது அறிமுகம். 1907ல் கோல்ட்மேன் சாக்ஸில் துப்புரவுப் பணியாளருக்கு எடுபிடியாகச் சேர்ந்தவர் சிட்னி வெயின்பெர்க். உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காதவர். 1930ல் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். உழைப்பு அவருடையது. ஆனால் முதலில் அவரைக் கவனித்துக் கைதூக்கி விட்டவர், பங்குதாரர்களில் ஒருவரான பால் சாக்ஸ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்கு நானே போனேன். "நான் சொன்னது தப்புப்பா" என்று தொடங்கி, தெரிந்ததைச் சொன்னேன். சி.ஏ. தேர்வைத் திருத்துகிறவர் கல்லூரிப் பெயரைப் பார்ப்பதில்லை, சி.எஃப்.ஏ.வும் அப்படித்தான், ஆனால் அதற்குக் கட்டணம் டாலரில். பங்கு வெளியீட்டுக்கு முன் கம்பெனிகள் தாக்கல் செய்யும் வரைவு ஆவணம் செபி இணையதளத்தில் இலவசம். மாதம் ஒன்றைப் படி. பணம் எதற்குக் கேட்கிறார்கள், கடன் எவ்வளவு, என்னென்ன வழக்கு இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுது. முன்வாசல் திறக்காவிட்டால் ரேட்டிங் நிறுவனம், ஆடிட் நிறுவனத்தின் மதிப்பீட்டுப் பிரிவு, சின்ன மெர்ச்சன்ட் பேங்கர் என்று பக்கவாசல்கள் உண்டு. வேலைக்கு உத்தரவாதம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் கோர்ஸுக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைக்காதே. நள்ளிரவு வரை வேலை இருக்கும், அதையும் யோசித்துக்கொள்.

என்னால் முடிந்தது, பழைய நண்பர்கள் இருவருக்குப் போன் செய்தேன். வேலை கேட்கவில்லை. அவன் எழுதிய இரண்டு பக்கத்தைப் படியுங்கள் என்றேன். ஒருவர் படித்துவிட்டு, கடன் கணக்கில் பிழை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பையன் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறான்.

ஓய்வுபெற்ற நம் ஒவ்வொருவரிடமும் இப்படி நாலு போன் நம்பராவது இருக்கும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க மட்டுமா அவை? உங்கள் தெருவிலும் ஒரு பையனோ பெண்ணோ இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.