பாட்டு வந்தது, பாடியவர் எங்கே?

“சம்பா” என்றதும் நம் இல்லத்தரசிகளுக்கு அரிசி நினைவு வருவது இயல்பு. கடல் கடந்த பிரேசில் தேசத்திலோ, சம்பா என்பது ஓர் ஆடலுக்கும் அதனோடு இசைந்த பாடலுக்கும் பெயர். அந்தச் சம்பாவின் கதைக்கும், கண்டி, வத்தேகம, பன்வில முதலாய ஊர்களின் கலியாண வீடுகளிலே பிள்ளைகள் கைகொட்டி ஆடுகின்ற பைலாவின் கதைக்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டும் போர்த்துக்கேயரின் கப்பல்களிலே ஆபிரிக்கர் ஏற்றப்பட்ட காலத்தில் தொடங்கிய கதைகளாம்.

பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 48 இலட்சம் ஆபிரிக்கர் அடிமைகளாகப் பிரேசிலில் இறக்கப்பட்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் கோப்பித் தோட்டங்களிலும் அவர்கள் மாடாய் உழைத்தார்கள். அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1888ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதியிலேதான். வெறுங்கையராய் வந்த அம்மக்கள் தம் வழிபாட்டையும் முரசின் தாளத்தையும் நெஞ்சிலே சுமந்து வந்தனர். ஆனால், விடுதலைக்குப் பின்னரும் அவர்தம் கலைகளுக்கு மதிப்புக் கிட்டவில்லை. ஆட்டமும் அடிமுறையும் கலந்த கப்போய்ரா என்னும் கலையை 1890ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் குற்றமென்றே விதித்தது. அதே கலையை 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றதென்றால், காலத்தின் கோலத்தை என்னென்பது!

இம்மாற்றத்திற்குத் துணை நின்றவை இசைத்தட்டும் வானொலியும் சினிமாவுமே. ரியோ நகரில் 1917ஆம் ஆண்டு வெளிவந்த “பெலோ டெலிபோன்” என்னும் இசைத்தட்டு, சம்பா இசையின் தொடக்க காலத் தட்டுகளுள் புகழ் மிக்கது. கார்மென் மிராண்டா என்னும் பாடகி 1939ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, ஹாலிவுட் படங்களில் நடித்துச் சம்பாவை உலகறியச் செய்தார். அவர் அணிந்த தலைப்பாகையும் மணிமாலைகளும் பாகியா மாநிலத்துத் தெருக்களில் பண்டம் விற்ற கறுப்பினப் பெண்களின் உடை. அவரோ போர்த்துக்கலில் பிறந்த வெள்ளை மாது. உடை திரைக்கு ஏறிற்று. உடைக்கு உரியவள் தெருவிலேயே நின்றாள்!

1959ஆம் ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் மார்செல் காமு “கறுப்பு ஓர்பியஸ்” என்னும் படத்தை எடுத்தார். நடிகர் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்; களம் ரியோவின் மலைக் குடிசைகளும் திருவிழாவும். அப்படம் கான் விழாவின் தலையாய பரிசையும் பின்னர் ஆஸ்கார் விருதையும் பெற்றது. பிரேசிலின் இசையை முதன்முதலாகப் பலர் கேட்டது அப்படத்தின் வாயிலாகத்தான். எனினும், குடிசை வாழ்வின் துயரை அது அழகுபடுத்திக் காட்டிவிட்டதென்று பிரேசில் நாட்டவர் பலர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் உண்டு.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கரைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொணர்ந்தனர். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு அணுக்கக் காவலராய் ஆபிரிக்கர் நின்றதை, இங்கே சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டில் வெளியான தம் நூலிலே குறித்துள்ளார். காப்பிரியர் எனப்பட்ட அம்மக்களின் தாளமும் போர்த்துக்கேயரின் மெட்டும் கலந்து “கபிரிஞ்ஞா” பிறந்தது. பொலிஸ் உத்தியோகத்தராய் இருந்த வொலி பஸ்தியான் என்பார் 1940களில் அதனைச் சிங்களத்தில் பாடிப் பைலாவை நாடெங்கும் பரப்பினார். பின்னர் வானொலியும் இசைத்தட்டும் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. நம் ஏ. ஈ. மனோகரன் பாடிய “சுராங்கனி” பாக்கு நீரிணையைத் தாண்டி, 1977ஆம் ஆண்டில் “அவர் எனக்கே சொந்தம்” என்னும் தமிழ்ப் படத்திலும் இடம்பெற்றது. தமிழகத்தில் அதனை முணுமுணுத்தவருள், அத்தாளத்தின் வேர் ஆபிரிக்காவில் உண்டென எண்ணியவர் எத்தனை பேர்?

அத்தாளத்தைத் தந்தவரின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழ்கின்றனர். சிறு தொகையினரே அவர்கள். சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தட்டி “மஞ்சா” என்னும் பாடல்களைப் பாடுகின்றனர். பாட்டின் மொழி பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழி; இளையோர் பேசுவதோ சிங்களம். பாடுகிற சொல்லின் பொருள் பாடுகிறவர்க்கே மங்கி வருகின்றது. அவர்தம் முன்னோர் தாளத்திலே நாடு முழுவதும் ஆடுகின்றது. அவர் பெயரை அறிந்தவரோ சிலர்.

மலையகத்தார் நமக்கு இக்கதை பிறர் கதையன்று. நம் முன்னோரும் கடல் கடந்து தோட்டத்திற்கு வந்தவரே. அவர்கள் கொணர்ந்த பெருஞ்செல்வம் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும், தப்பின் ஒலியும் அன்றோ? சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் அவற்றுள் ஒரு பகுதி அச்சேறிப் பிழைத்தது. எஞ்சியவை முதியோர் நாவிலேதான் உள்ளன.

கலை பரவுதல் நன்றே. அதனைத் தடுக்க வேண்டுவதில்லை. பிரேசில் மக்கள் பெற்ற புகழுக்குச் சினிமாவும் ஒரு காரணம் என்பதை மறுக்கவியலாது. ஆயினும், படம் எடுப்பவன் பிறனாயின் அவன் விரும்பியதே திரையில் எஞ்சும். ஆகவே மாணவர்களே, மாசியில் காமன் கூத்து நிகழும்போது கைப்பேசியில் வெறும் ஆட்டத்தை மட்டும் பிடித்து வையாதீர். பாடிய பெரியவரின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு, அவர் யாரிடம் கற்றார் என்னும் விவரம் ஆகியவற்றையும் அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் போதும். நாளை நம் பாட்டு எந்நாட்டிற்குச் சென்றாலும், பாடியவர் பெயரும் அதனுடன் செல்லட்டும்.