மரமா, உலோகமா? ஐரிஷ் குழல் வாங்கும் முன் ஒரு நிமிடம்

1971ஆம் ஆண்டு. அயர்லாந்தின் புகழ்பெற்ற பாடகரும் பைப் இசைக் கலைஞருமான ஃபின்பார் ஃபியூரியிடம் ஓர் இந்திய மூங்கில் குழல் இருந்தது. இசைப் பயணம் ஒன்றில் அது உடைந்துபோனது. அதைப் போலவே இன்னொன்று வேண்டும் என்று இங்கிலாந்தில் இசைக்கருவி செய்துவந்த பெர்னார்ட் ஓவர்ட்டனிடம் கேட்டார். மூங்கிலில் அது கைகூடவில்லை. இருவரும் சேர்ந்து உலோகக் குழாயில் முயன்று பார்த்தார்கள். சில மாதிரிகள் செய்து பார்த்த பிறகு ஒரு கருவி அமைந்தது. அதுதான் இன்று உலகம் முழுவதும் வாசிக்கப்படும் ‘லோ விசில்’.

அயர்லாந்தின் ஆதிகாலக் குரல் என்று பலரும் நினைக்கும் அந்த ஏக்கமான ஓசைக்கு வயது ஐம்பதைச் சற்றுத் தாண்டியதுதான். அதன் பிறப்பில் நம் மூங்கிலுக்கும் ஒரு பங்கு உண்டு.

‘ரிவர்டான்ஸ்’ நடன நிகழ்ச்சியில் டேவி ஸ்பில்லேன் வாசித்ததைக் கேட்டவர்கள், ‘டைட்டானிக்’ பாடலின் தொடக்கத்தில் வரும் குழலோசையில் மயங்கியவர்கள் நம்மிடையே நிறைய பேர். பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்றோ, வேலை முடிந்து வந்து தானே வாசிக்கலாம் என்றோ இணையக் கடைக்குள் நுழைகிறார்கள். அங்கே படங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பளபளப்பான மரம், வெள்ளி நிறச் சாவிகள், வெல்வெட் பெட்டி. பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. ‘எனக்கு இசை வராது’ என்ற முடிவோடு ஒருவர் ஒதுங்கிவிடுகிறார். பல நேரங்களில் குறை அவரிடம் இல்லை, வாங்கிய கருவியில்தான்.

மூன்று கருவிகள், மூன்று குணங்கள்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

டின் விசில்: ஒரு முழம்கூட இல்லாத சிறிய உலோகக் குழல். ஊதுவாயில் ஒரு குறுகிய காற்றுவழி இருக்கிறது. காற்றை அதுவே விளிம்புக்குக் கொண்டுபோய்விடும். ஊதினால் ஒலி வரும்.

லோ விசில்: அதே அமைப்புதான், நீளம் ஏறக்குறைய இரு மடங்கு. டின் விசிலைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஊதியவுடன் ஒலி வந்தாலும் மூச்சு நிறைய வேண்டும், விரல்களும் அகல விரிய வேண்டும்.

ஐரிஷ் ஃபுளூட்: நம் புல்லாங்குழல்போல் குறுக்காகப் பிடித்து ஊதும் மரக்குழல். லோ விசிலின் அதே சுருதிதான். ஆனால் இங்கே காற்றை வழிநடத்த எந்த அமைப்பும் இல்லை. உதடுதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

இந்த மரக்குழல் அயர்லாந்துக்கு வந்த கதையும் சுவையானது. ஜெர்மனியின் தியோபால்ட் போம் 1847இல் புதிய உலோகப் புல்லாங்குழலை வடிவமைத்தார். மேலைச் செவ்வியல் கலைஞர்கள் மெல்ல மெல்ல அந்த முறைக்கு மாறினார்கள். ருடால் அண்ட் ரோஸ் போன்ற லண்டன் பட்டறைகளின் பழைய மரக்குழல்கள் மலிவாகக் கைமாறி, அயர்லாந்தின் கிராமத்து நடன இசைக்காரர்களிடம் சேர்ந்தன. இசைக்குழு கைவிட்டது கிராமத்தில் வாழ்ந்தது. லீட்ரிம் மாவட்டத்தின் ஜான் மெக்கென்னா நியூயார்க்கில் தீயணைப்பு வீரராக வேலை பார்த்துக்கொண்டே 1920களில் இசைத்தட்டுகளில் இந்தக் குழலை வாசித்தார். ரோஸ்காமன் மாவட்டத்தின் மேட் மொல்லாய், ‘போத்தி பேண்ட்’, ‘சீஃப்டன்ஸ்’ குழுக்களின் வழியாக அதை உலக மேடைக்குக் கொண்டுபோனார்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சுருதி ‘டி’யாக இருக்க வேண்டும். அயர்லாந்தில் நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிக்கும் ‘செஷன்’ கூட்டங்களில் பெரும்பாலான மெட்டுகள் டி, ஜி சுருதிகளைச் சார்ந்தவை. வேறு சுருதியில் வாங்கினால் தனியாக மட்டுமே வாசிக்கலாம்.

சாவிகள் வேண்டாம். ஆறு துளைகள் போதும், நடன மெட்டுகளில் பெரும்பகுதியை அவற்றிலேயே வாசித்துவிடலாம். நல்ல கைவினைஞர் பொருத்தும் சாவிகளுக்கு விலை மிக அதிகம். மலிவான குழலில் இருக்கும் சாவிகள் சரியாக மூடாமல் காற்றைக் கசியவிடும். குறைந்த விலையில் நிறையச் சாவிகள் தெரிந்தால் அது அழகுப் பொருள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் குழல் மரமாக இருக்க வேண்டியதில்லை. இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல ஐரிஷ் குழல்களைப் பெரும்பாலும் ஆப்பிரிக்கன் பிளாக்வுட்டில் செய்கிறார்கள். நம் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த, இரும்புபோல் கனக்கும் மரம் அது. மரம் ஈரத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். நம் ஊரில் வெளியே வியர்க்கும் புழுக்கம், உள்ளே குளிர்சாதனம். ஒரே நாளில் பல முறை மாறும் இந்தச் சூழல் மரத்துக்கு ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் போதும், விரிசல் விழலாம். டெல்ரின் போன்ற உறுதியான பிளாஸ்டிக்கில், மரக்குழலின் அதே உள்வடிவத்தோடு கடைந்த குழல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். குழலின் குரலை முடிவு செய்வது உள்துளையின் வடிவமும் வாய்த்துளையின் விளிம்பும் வாசிப்பவரின் உதடும்தான். மரத்தின் பங்கு அவற்றுக்குப் பிறகே.

பிறகொரு நாள் மரக்குழல் வாங்கினால், முதல் சில வாரங்களுக்கு ஒரு நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். வாசித்து முடித்ததும் உள்ளே துடைத்து, பெட்டியில் மூடி வையுங்கள். அவ்வப்போது உட்புறம் மெல்லிதாகப் பாதாம் எண்ணெய் தடவுவது வழக்கம்.

லோ விசிலுக்குக் கையளவு முக்கியம். கீழ்த்துளைகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் விரல்நுனியால் மூட வராது. பைப் வாசிப்பவர்களைப் போல் விரல்களை நேராக நீட்டி, நடுக்கணுவின் சதைப்பகுதியால் மூட வேண்டும். இரண்டு வாரத்தில் இது பழகிவிடும். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுவது அரிது. அந்த வயதுக்கு டின் விசிலே சரி. குளிரூட்டிய அறையில் உலோக ஊதுவாய்க்குள் நீர் கோத்து ஒலி அடைபடும். வாசிக்கும் முன் அந்தப் பகுதியைக் கைக்குள் பொத்திச் சூடேற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், ஆறு துளைகளையும் மூடி மெதுவாக ஊதுங்கள், கீழ் டி தெளிவாக வர வேண்டும். சற்று அழுத்தி ஊதினால் மேல் டி வர வேண்டும். கைப்பேசியில் உள்ள சுருதி பார்க்கும் செயலியில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஃபுளூட்டைச் சோதிப்பதென்றால் ஊதத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

நம் குழல் தெரிந்தவர்களுக்கு

கர்நாடகக் குழல் பழகியவர்களுக்கு உதடு ஏற்கெனவே தயார். அது பெரிய முதலீடு. மாற்றிக்கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, சட்ஜத்தின் இடம். நம் குழலில் மேலிரண்டு துளைகளை மூடினால் சட்ஜம். இங்கே ஆறையும் மூடினால் வரும் டி தான் பல மெட்டுகளுக்கு ஆதாரம். அங்கிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் வந்து நிற்கும். ஹரிகாம்போதி, கரகரப்பிரியா சாயலில் நடக்கும் மெட்டுகளும் நிறைய உண்டு.

இரண்டாவது, விரலின் வேலை. நாம் ஸ்வரத்தை அசைத்து, வழுக்கி, வளைத்து கமகம் தருகிறோம். அவர்கள் ஸ்வரத்தை வெட்டுகிறார்கள். மேல்விரல் ஒன்று கண்ணிமைக்கும் நேரம் எழுந்து அமர்ந்தால் அது ‘கட்’. கீழ்த்துளையை விரல் சட்டென்று தட்டி எழுந்தால் அது ‘டேப்’. ஒரு நீண்ட ஸ்வரத்துக்குள் கட், டேப் இரண்டையும் வைத்து மூன்றாகப் பிரித்தால் ‘ரோல்’. அந்தக் கணநேர ஒலி தனி ஸ்வரமாகக் காதில் விழக்கூடாது, தாளத்தின் துடிப்பாகவே கேட்க வேண்டும். ஏனென்றால் இது நடனத்துக்கான இசை. ‘ஜிக்’ வகை மெட்டு திஸ்ர நடைபோல் மூன்று மூன்றாக ஓடும், ‘ரீல்’ நான்கு நான்காக ஓடும். ஆடுபவரின் கால் தரையில் படும் இடத்தில் மூச்சின் அழுத்தம் விழ வேண்டும்.

மூச்சு எடுக்க மெட்டில் இடைவெளி இருக்காது. ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தில் மூச்சை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஸ்வரத்தை விடுகிறார்கள். அதனால் மெட்டும் ஒவ்வொரு முறை புதிதாகத் தெரிகிறது.

எதில் தொடங்குவது?

ஓர் எளிய வரிசை. முதலில் டி சுருதியில் ஒரு டின் விசில். குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுக்குள் நல்லதே கிடைக்கும். விரல் பழக்கம் மூன்று கருவிகளுக்கும் ஒன்றுதான். ஒரு ஜிக், ஒரு ரீல் கேட்டே மனத்தில் பதியட்டும். அயர்லாந்தில் தலைமுறைகளாக மெட்டுகள் காதுவழியாகத்தான் கைமாறி வந்திருக்கின்றன. மூன்று மாதம் கழித்தும் தினமும் பதினைந்து நிமிடம் கை தானாகக் குழலைத் தேடினால், அடுத்ததை யோசிக்கலாம். மெதுவான, ஏக்கமான மெட்டுகள் பிடித்தவர்கள் லோ விசிலுக்குப் போகலாம். அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாரின் காதுக்கும் டின் விசிலைவிட அது இதமானது. நடன மெட்டின் வேகமும் அழுத்தமும் பிடித்தவர்கள், தெளிவான ஒலி வர மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமையும் இருந்தால், சாவியில்லாத பிளாஸ்டிக் ஃபுளூட்டை எடுக்கலாம்.

மரக்குழலுக்கு அவசரமில்லை. உதடு பழகிய பிறகு வாங்கினால், கொடுத்த பணத்துக்குரிய ஒலி முதல் நாளிலேயே கேட்கும்.