வானத்திலும் இருந்தன ஊரும் சேரியும்

ஊர்விலக்கம் என்றால் என்னவென்று நம் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடையில் பொருள் தர மாட்டார்கள். டீக்கடை பெஞ்சு காலியாக இருந்தாலும் உட்கார முடியாது. எதிரே வருபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். 1932இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்த ஓர் இளைஞருக்கும் இதுதான் நடந்தது. அவர் பெயர் பெஞ்சமின் ஓ. டேவிஸ். கறுப்பினத்தவர். நான்கு ஆண்டுகள் அவருடைய அறையைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் வரவில்லை. சாப்பாடும் தனியாகத்தான். பணி நிமித்தமாகத் தவிர சக மாணவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாங்க முடியாமல் அவராகவே ஓடிவிட வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. அவர் ஓடவில்லை. 1936இல் தேர்ச்சி பெற்ற 276 பேரில் 35ஆவது இடத்தில் வந்தார்.

விமானம் ஓட்ட வேண்டும் என்பது டேவிஸின் ஆசை. விண்ணப்பித்தார். கறுப்பினத்தவருக்கு விமானப் பிரிவு எதுவும் இல்லை, அதனால் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கறுப்பர்களுக்கு ஏன் பிரிவு இல்லை? அவர்களால் விமானம் ஓட்ட முடியாதாம். 1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி தயாரித்த அறிக்கை ஒன்று, கறுப்பினத்தவருக்கு அறிவும் துணிவும் குறைவு என்று எழுதி வைத்திருந்தது. வாய்ப்பைக் கொடுக்காமல் வைத்திருந்து, 'இவர்களில் ஒருவர்கூட விமானி இல்லையே, பாருங்கள்' என்று கைகாட்டும் தந்திரம் அது. கோயிலுக்குள் விடாமல் வைத்துவிட்டு, 'இவர்களுக்குப் பக்தி ஏது' என்று கேட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்று உலகின் மிகப் பெரிய விமானப்படை அமெரிக்காவுடையது. அதன் வரலாற்றையும் போர்த் தியாகங்களையும் போற்றும் ஒவ்வொரு மேடையிலும் 'டஸ்கீகி விமானிகள்' என்ற பெயர் ஒலிக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் முழுக் கதையை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஏனெனில், அந்தக் கதையின் பாதியை மட்டும் சொன்னால் அது மரியாதை ஆகாது.

ஐவரில் தொடங்கியது

கறுப்பினப் பத்திரிகைகளும் உரிமை அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 1941இல் அமெரிக்க அரசு இறங்கி வந்தது. அலபாமா மாநிலத்தில் கறுப்பின மாணவர்களுக்காக 1881இல் தொடங்கப்பட்ட டஸ்கீகி கல்வி நிலையத்தை ஒட்டி ஒரு பயிற்சித் தளம் உருவானது. அதையும் 'சோதனை முயற்சி' என்றுதான் அழைத்தார்கள். தோற்றுப்போகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 1942 மார்ச் 7 அன்று முதல் அணியில் ஐந்து பேர் விமானிகளாக வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் டேவிஸ். 1946க்குள் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே விமானிகள் ஆனார்கள்.

விமானி ஒருவர் பறக்க வேண்டுமென்றால் தரையில் பலர் உழைக்க வேண்டும். இயந்திரம் பழுது பார்ப்பவர், குண்டு ஏற்றுபவர், பாராசூட் மடிப்பவர், செவிலியர், சமையல்காரர் என்று ஆண்களும் பெண்களுமாக டஸ்கீகி திட்டத்தில் பணியாற்றியவர்கள் ஏறத்தாழ 14,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. படம் எடுத்தால் விமானி மட்டுமே தெரிவார். தரையில் கிரீஸ் படிந்த கையோடு நின்றவர்களையும் சேர்த்துத்தான் நாம் 'டஸ்கீகி விமானிகள்' என்று சொல்ல வேண்டும்.

1943 ஜூனில் மத்தியதரைக் கடல் பகுதியில் அவர்களுடைய 99ஆவது படைப்பிரிவு முதன்முதலாகப் போரில் இறங்கியது. சில மாதங்களுக்குள்ளேயே, 'இவர்களுக்குப் போர்க்குணம் போதாது, முன்னணியிலிருந்து எடுத்துவிடலாம்' என்று மேலதிகாரி ஒருவர் அறிக்கை அனுப்பினார். டேவிஸ் வாஷிங்டனுக்குப் போய்த் தன் ஆட்களுக்காக வாதாட வேண்டியிருந்தது. எதிரியோடு மோதும்போதே தன் நாட்டு ராணுவத்தோடும் வழக்காட வேண்டிய நிலை. 1944 ஜனவரி 27, 28 ஆகிய இரண்டு நாட்களில், இத்தாலியின் அன்சியோ கடற்கரைக்கு மேலே, அவர்கள் பத்துக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

பிறகு அவர்களுடைய 332ஆவது அணி, குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறந்தது. விமானத்தின் வால் பகுதிக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருந்ததால் 'சிவப்பு வால்கள்' என்று பெயர் வந்தது. 1945 மார்ச் 24 அன்று இத்தாலியிலிருந்து கிளம்பி பெர்லின் வரை போய்த் திரும்பினார்கள். வானில் நடந்த மோதல்களில் மொத்தம் 112 எதிரி விமானங்களை வீழ்த்தினார்கள். 66 பேர் போரில் மாண்டார்கள். 30க்கும் மேற்பட்டோர் எதிரியிடம் சிறைப்பட்டார்கள்.

பலகையின் அடியில் இரண்டு வரிசை

சிறைப்பட்டவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஜெஃபர்சன். 1944 ஆகஸ்டில் தெற்கு பிரான்ஸில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஜெர்மானியர்களின் சிறை முகாமில் அவர் மற்ற அமெரிக்க அதிகாரிகளோடு ஒன்றாகவே வைக்கப்பட்டார். போர் முடிந்து கப்பலில் நியூயார்க் வந்து சேர்ந்தார். கப்பலிலிருந்து இறங்கும் பலகையின் அடியில் ஒரு சிப்பாய் நின்றுகொண்டு, வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் மறுபக்கம் என்று பிரித்து அனுப்பிக்கொண்டிருந்ததாக ஜெஃபர்சன் பின்னாளில் சொன்னார். எதிரியின் முகாமில் இல்லாத பிரிவினை, தன் நாட்டு மண்ணில் கால் வைக்கும் முன்பே காத்திருந்தது. இதைப் படிக்கும்போது நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளை நினைவுக்கு வராமல் இருக்குமா?

அடங்கிப் போனவர்கள் மட்டும் அல்ல அவர்கள். 1945 ஏப்ரலில் இந்தியானா மாநிலத்தின் ஃப்ரீமன் தளத்தில் கறுப்பின அதிகாரிகளுக்குத் தனி மனமகிழ் மன்றம், வெள்ளை அதிகாரிகளுக்குத் தனி மன்றம் என்று வைத்திருந்தார்கள். கறுப்பின அதிகாரிகள் வெள்ளையர் மன்றத்துக்குள் அணி அணியாக நுழைந்து கைதானார்கள். இந்தப் பிரிவினையை ஏற்றுக் கையெழுத்துப் போடச் சொன்னபோது 101 பேர் மறுத்தார்கள். போர்க்காலத்தில் மேலதிகாரியின் உத்தரவை மீறினால் மரண தண்டனைவரை விதிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் மறுத்தார்கள். நாம் நுழைவுப் போராட்டம் என்று சொல்வதும் இதைத்தான். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல்தான், அந்தப் போராட்டத்துக்காகத் தரப்பட்ட தண்டனைகளை விமானப்படை நீக்கத் தொடங்கியது.

1948 ஜூலை 26 அன்று, ராணுவத்தில் இனப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்தார். வானத்தில் சிந்திய ரத்தத்துக்கும் தரையில் மறுத்த கையெழுத்துக்கும் அந்த ஆணையில் பங்குண்டு.

ஒரு பொய்யான பெருமையும் உண்மையான பெருமையும்

இந்த விமானிகளைப் பற்றி நெடுங்காலம் ஒரு பேச்சு இருந்தது. அவர்கள் காவல் காத்த குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட எதிரி விமானத்தால் வீழ்த்தப்படவில்லை என்பார்கள். பழைய போர்ப் பதிவுகளை விமானப்படையின் வரலாற்று ஆய்வாளர்களே புரட்டிப் பார்த்தபோது, அவர்களுடைய காவலில் இருந்த 27 விமானங்கள் வீழ்த்தப்பட்டிருப்பது தெரியவந்தது. அதே பணியைச் செய்த மற்ற அணிகளில் சராசரி இழப்பு 46.

இங்கேதான் நாம் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 46ஐ இழந்த வெள்ளையர் அணிகளைப் பார்த்து, 'வெள்ளையரால் விமானம் ஓட்ட முடியுமா' என்று ஒருவரும் கேட்கவில்லை. 27ஐ மட்டுமே இழந்த கறுப்பினத்தவரின் பெருமையைக் காப்பாற்ற, 'ஒன்றுகூட இழக்கவில்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் ஒடுக்கப்பட்டவருக்கு மரியாதை என்ற நிபந்தனையை யார் விதித்தது? 

நம் பிள்ளைகளுக்கு இந்த நிபந்தனை புதிதல்ல. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் காலனிப் பையன் ஒரு பாடத்தில் தவறினால், 'கோட்டாவில் வந்தவன்தானே' என்பார்கள். பக்கத்து இருக்கைக்காரன் மூன்று பாடத்தில் தவறினாலும் அது அவனுடைய சொந்த விஷயம். அவன் தவறினால் அவன் மட்டும் தவறினான். நம் பிள்ளை தவறினால் நம் சாதியே தவறியதாம். இந்த அநியாயத் தராசை நாமும் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிவப்பு வால் விமானிகளைப் போற்ற, குறையே இல்லாத அதிசயம் நமக்குத் தேவையில்லை. 27 என்ற உண்மையே போதும். மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள், அதுவும் கையைக் கட்டிப்போட்ட நிலையில்.

'அறியப்படவில்லை'

1949இல் லாஸ் வேகாஸில் அமெரிக்க விமானப்படை நடத்திய துப்பாக்கிச் சுடும் போட்டியில், விசிறி இயந்திர விமானங்களுக்கான பிரிவில் 332ஆவது அணி வென்றது. ஆனால் பல ஆண்டுகள், விமானப்படை சார்ந்த இதழின் பட்டியலில் அந்த ஆண்டுக்கு நேராக, வென்றவர் 'அறியப்படவில்லை' என்றே அச்சானது. கோப்பை எங்கோ ஒரு கிடங்கில் கிடந்து, 2004இல் கண்டெடுக்கப்பட்டது. வென்ற அணியில் இருந்த ஹாரி ஸ்டீவர்ட் படையை விட்டு வந்தபின் பயணிகள் விமானம் ஓட்ட விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். அவர் பொறியியல் படித்து வேறு வழியில் முன்னேறினார்.

2007 மார்ச் 29 அன்று டஸ்கீகி விமானிகளுக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. எழுபதும் எண்பதும் தாண்டியிருந்த அந்த முதியவர்களைப் பார்த்து அதிபர் புஷ் சல்யூட் அடித்தார். கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2025 ஜனவரியில், புதிய அரசின் ஆணையைக் காரணம் காட்டி, விமானப்படையின் அடிப்படைப் பயிற்சியிலிருந்து டஸ்கீகி விமானிகளைப் பற்றிய காணொளிகள் எடுக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திரும்பச் சேர்க்கப்பட்டன. பதக்கம் கொடுத்த கையே பாடத்தை நீக்கவும் நீளும் என்பதை உலகம் பார்த்தது. எதிர்த்தவர்கள் இருந்ததால் திரும்ப வந்தது என்பதையும் பார்த்தது.

நமக்கும் இதற்கும் என்ன?

அமெரிக்காவில் டஸ்கீகி பயிற்சி தொடங்கிய அதே 1941ஆம் ஆண்டு, இந்தியாவில் மகர் ரெஜிமென்ட் உருவாக்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். அந்தத் தலைமுறைக்குப் பிறகு, 1890களில், மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. சென்னை ராணுவத்தில் பெரும் எண்ணிக்கையில் பணியாற்றிய பறையர்களுக்கும் 'போர்க்குணம் உள்ள சாதிகள்' என்ற கோட்பாடு கதவைச் சாத்தியது. அங்கே தோலின் நிறம், இங்கே பிறந்த தெரு. சொன்ன காரணம் ஒன்றே: இவர்களுக்குத் துணிவு போதாது. அம்பேத்கர் இந்த ஒற்றுமையை அறிந்திருந்தார். கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்கு 1946இல் அவர் கடிதம் எழுதினார். டூபாய்ஸும் பதில் எழுதினார்.

நம் நாட்டில் அக்டோபர் 8 விமானப்படை நாள். அன்று பள்ளிகளில் வீரர்களின் படங்களை வைப்போம், வைக்கத்தான் வேண்டும். உயிரைக் கொடுத்தவர்களுக்குத் தலைவணங்குவதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அந்த வரிசையில் தரையில் உழைத்தவர்களுக்கும் ஓர் இடம் கேட்கிறோம். படைக்குள் நுழையவே போராட வேண்டியிருந்தவர்களின் கதையும் அதே மேடையில் சொல்லப்பட வேண்டும் என்கிறோம். நாட்டுக்காகச் சாகலாம், ஆனால் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று நம் தாத்தாக்களுக்குச் சொல்லப்பட்ட காலமும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் தெருவில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒன்று இருக்கும். அந்த வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டியும், அதில் மங்கிப்போன ஒரு படமும் பதக்கமும் இருக்கும். பாட்டியிடம் கேளுங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தப் படைப்பிரிவு, எங்கே போனார், திரும்பி வந்தபோது ஊர் அவரை எப்படி வரவேற்றது என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பெருமையையும் எழுதுங்கள், அவமானத்தையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால், நாளை ஒரு பட்டியலில் நம் தாத்தாவின் பெயருக்கு நேராகவும் 'அறியப்படவில்லை' என்றே அச்சாகும்.