அடிதாங்கும் எஃகும் அடிசறுக்கும் சொல்லும்

திருப்போரூரினின்று கடற்கரையை அணுகித் தெற்கு நோக்கிச் சென்றால் மாமல்லபுரம். அதற்கும் தெற்கே கல்பாக்கம். முன்னதில் கல்தச்சர் கல்லைத் தட்டி, எழும் ஒலியால் ஆண்கல், பெண்கல் எனத் தேர்ந்து வருகின்றனர். பின்னதில் 1985ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய ஆய்வு ஈனுலை, பிரெஞ்சு நாட்டு இராப்சோதி உலையின் வரைவைத் தழுவி எழுந்தது. கல்லைத் தேரும் கலைக்குத் தமிழிற் சொல் உண்டு. எஃகைத் தேரும் கலைக்கு உண்டா?

'ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்துக்கொண்டாற் போதுமே' என்பார் உளர். அவர்க்கு விடை பிரெஞ்சு மொழியிலேயே இருக்கின்றது.

மாழைகளின் திறனை ஆயும் முறைகளுள் ஒன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ப்பி என்னும் பிரெஞ்சு அறிஞர் நிலைநாட்டிய ஊசல் ஆய்வு. 10 மி.மீ. அகலமும் அவ்வளவே தடிப்பும் 55 மி.மீ. நீளமும் உடைய எஃகுத் துண்டின் நடுவே 2 மி.மீ. ஆழத்திற்கு வெட்டிட்டு, ஊசற் சம்மட்டியால் ஓரடியில் முரிப்பர். முரிக்கச் செலவான ஆற்றலே அளவு. இதனைப் பிரெஞ்சுக்காரர் 'இரெசிலியான்சு' என்பர். அதே வடிவுடைய சொல் ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் ஆங்கே அதன் பொருள் வேறு. வளைத்த வில் மீளும்போது திருப்பித் தரும் ஆற்றலையே அது குறிக்கும். ஆங்கிலத்தின் வழியே பெயர்ப்பவர் 'மீட்சியாற்றல்' என்று எழுதிவிடுவார். இரண்டாக முரிந்த துண்டுக்கு மீட்சி ஏது?

இடர் சொல்லோடு நிற்பதன்று. ஆங்கில நூலார் அவ்வாற்றலை அப்படியே எழுதுவர். பிரெஞ்சு மரபோ, வெட்டின்கீழ் எஞ்சிய 0.8 சதுர செ.மீ. பரப்பால் வகுத்தெழுதும். அங்கே 40 என்பது இங்கே 50 ஆகும். இவ்வேற்றுமை அறியாதார் கையில், தள்ளவேண்டிய எஃகு கொள்ளப்படும். அது பாலத்திலோ கொதிகலத்திலோ போய் அமரும். பிழைபட்ட பெயர்ப்புக்கு அங்கே உயிரே விலையாகும்.

இன்னும் கேளுங்கள். அந்த ஊசற் சம்மட்டியைப் பிரெஞ்சுத் தொழிலாளர் 'முத்தோன்' என்பர். அகரமுதலியைப் புரட்டினால் செம்மறி என்றிருக்கும்! முரிக்கும் துண்டுக்கு அவர்கள் இட்ட பெயரே, வேதியற் கூடத்தில் கண்ணாடிக் குழலையும் சுட்டும். வெப்பத்தில் நெடுநாள் சுமை தாங்கிய எஃகு மெல்ல நீளுதலை அவர்கள் ஒழுகலாகக் கண்டனர். ஆங்கிலேயர் ஊர்தலாகக் கண்டனர். ஒரே நிகழ்ச்சியை இரு மக்கள் தத்தம் கண்ணாற் கண்டு பெயரிட்டிருக்க, தமிழன் மட்டும் இரவற் கண் கொண்டு பார்ப்பதேன்?

பொருளைக் கண்டு பெயரிடுவதே முறை. அவ்வாறு காணின் இரெசிலியான்சை 'அடிதாங்குதிறன்' எனலாம். முரிக்கும் துண்டை 'ஆய்துண்டு' எனலாம். மெல்ல நீளுதலை 'ஊர்வு' எனலாம். இவற்றினும் நல்லன கொல்லன் பட்டறையில் கிடைக்குமாயின் அவற்றையே கொள்வோம்.

1916ஆம் ஆண்டிலேயே சேலத்தில் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனக் கழகம் கண்ட இனம் நாம். தமிழ்ப் புலவர் தனித்திருந்து சொல்லாக்கினால் பொருள் பிழைக்கும். பொறிஞர் தனித்திருந்து ஆக்கினால் மொழி பிழைக்கும். இருவரும், புதுவையில் பிரெஞ்சு கற்ற தமிழரும், ஆய்வுக்கூடத்து ஊசலின் முன் ஒருங்கே அமர்தல் வேண்டும். துண்டு முரிவதைக் கண்ணாற் கண்டபின் பெயரிடுங்கள், அப்பெயர் நிற்கும்!